சடங்கு கற்க ஒரு சம்பளம்

1883-இல் அமெரிக்க அரசு தன் பழங்குடி மக்களுக்கென்று தனியாக ஒரு குற்றப் பட்டியல் போட்டது. சூரிய நடனம் ஆடினால் குற்றம். ஒன்றுக்கு மேல் மணந்தால் குற்றம். சடங்கு வைத்தியர் ஒருவர் தம் மக்களைப் பழைய வழக்கத்திலேயே பிடித்து வைத்திருந்தால் அதுவும் குற்றம். அதற்குக் குறைந்தது 10 நாள் சிறை. 86 ஆண்டுகள் கழித்து, 1969 செப்டம்பரில், அதே அரசு அதே மாதிரிச் சடங்குகளைக் கற்கும் நவாஹோ பழங்குடி மாணாக்கர்களுக்கு உதவித்தொகை கொடுக்கத் தொடங்கியது. கொடுத்தது அருங்காட்சியகமோ கலைப் பண்பாட்டுத் துறையோ அல்ல. தேசிய மனநல நிறுவனம்.

இன்று மேலை நாடுகளின் உளச்சிகிச்சை அறைகளுக்குள் மேளமும் இறகும் மூலிகைப் புகையும் நுழைந்துவிட்டன. நம் ஊர்க் கோடாங்கி, சாமியாடி வகையறாவை மானிடவியலாளர்கள் ஷாமன் என்பார்கள். அந்த ஷாமன் முறைகளை உளச்சிகிச்சையோடு சேர்க்கும் பயிற்சிக்குச் சான்றிதழ்கூட உண்டு. இதெல்லாம் எங்கே பிறந்தது என்று கேட்டால் பலரும் மைக்கேல் ஹார்னரைக் காட்டுவார்கள். அமேசான் காட்டில் ஷுவார், கோனிபோ மக்களிடம் ஆய்வு செய்த மானிடவியலாளர் அவர். 1980-இல் வந்த அவருடைய ‘ஷாமனின் வழி’ என்ற நூலோடுதான் வார இறுதிப் பட்டறைகள் பரவின. அந்தக் கதை பொய்யில்லை. ஆனால் அதற்குப் பத்தாண்டு முன்பே அரிசோனாவின் வறண்ட மேட்டு நிலத்தில் இன்னொரு பிறப்பு நடந்தது. எனக்கு அதில்தான் ஈர்ப்பு அதிகம், ஏனென்றால் அங்கே முதலில் வாய் திறந்து கேட்டவர்கள் சடங்குக்காரர்களின் சொந்த ஊர்க்காரர்கள்.

ஊரின் பெயர் ரஃப் ராக். அரிசோனா, நியூ மெக்ஸிகோ, யூட்டா என்று மூன்று மாநிலங்களில் விரிந்து கிடக்கும் நவாஹோ நிலம், பரப்பில் தமிழ்நாட்டில் பாதிக்குச் சற்று மேல். 1960-களில் அங்கே வாழ்ந்தவர்கள் ஒரு லட்சத்துக்குச் சற்று அதிகம். ஆடு மேய்ப்பும் சோளமும் கம்பளி நெசவும் பழைய பிழைப்பு. பிள்ளைகளைத் தொலைதூர விடுதிப் பள்ளிகளுக்குக் கொண்டுபோய், தாய்மொழி பேசினால் தண்டித்து வளர்த்த காலம் முழுதாக முடிந்திருக்கவில்லை. 1966-இல் ரஃப் ராக்கில் ஒரு புதுமாதிரிப் பள்ளி திறந்தார்கள். நிர்வாக வாரியத்தில் இருந்தவர்கள் அத்தனை பேரும் நவாஹோக்கள். பெரும்பாலோர் தாங்கள் பள்ளி வாசலை அதிகம் பார்க்காதவர்கள். பழங்குடி மக்கள் தாங்களே நடத்திய முதல் பள்ளி என்று அது பேர் வாங்கியது. நவாஹோ மொழியும் வரலாறும் அங்கே பாடமாயின.

பிள்ளைகளுக்குப் படிப்பு வந்தாயிற்று. அடுத்து வாரியத்துக்காரர்களுக்கு ஒரு கவலை. பாடுகிறவர்கள் கிழவர்களாகிக்கொண்டிருந்தார்கள்; அவர்களுக்குப் பின்னால் ஆளில்லை.

பாடுகிறவர் என்றால் ஹதாலி. நவாஹோ வைத்தியம் இரண்டு கைகளில் பிரிந்து கிடக்கிறது. நோயைக் கண்டு சொல்பவர் ஒருவர். அவர் கையில் சோள மகரந்தத்தைத் தடவி, கிலா என்னும் நச்சுப்பல்லித் தெய்வத்தை வேண்டுவார். கை நடுங்கத் தொடங்கும். அந்த நடுக்கத்தில் காரணம் தெரியும். மின்னல் தாக்கிய மரத்தைத் தொட்டதா, கரடியை அவமதித்ததா, பிணத்தின் அருகில் போனதா, எதிரியின் சாவைக் கண்டதா என்று சொல்லி, இன்ன சடங்கு வேண்டும் என்பதோடு அவர் வேலை முடிந்தது. சடங்கை நடத்துவது ஹதாலி. அவருக்குச் சாமி வருவதில்லை. அவர் கற்றவர், பாட்டையும் கதையையும் மூலிகையையும் மணல் ஓவியத்தையும் வருடக்கணக்கில் மனப்பாடம் செய்தவர். நம் அகப்பாடல்களில் முறத்தில் நெல்லைப் பரப்பிக் குறி சொல்லும் கட்டுவிச்சி ஒருத்தி, அவள் சொன்னதும் வெறியாட வரும் வேலன் ஒருவன் என்று இருவர் வருவார்களே, கிட்டத்தட்ட அந்தப் பங்கீடு. நம் புலவர்கள் அந்த இருவரையும் கொஞ்சம் கேலியாகவே பார்த்தார்கள். தலைவிக்கு வந்தது காதல், வேலன் வெட்டுவது ஆட்டை. நவாஹோக்கள் அப்படிக் கேலி செய்வதில்லை.

ஒரு சடங்கு எவ்வளவு பெரிது என்பதை இரவுப் பாட்டு என்ற ஒன்றிலிருந்தே புரிந்துகொள்ளலாம். பனி விழுந்த பிறகுதான் நடத்தலாம். ஒன்பது இரவு. நூற்றுக்கணக்கான பாடல்கள். ஹோகன் என்னும் எண்கோணக் குடிலின் தரையில் நிறப்பொடிகளால் தெய்வங்களை வரைந்து, நோயாளியை அதன் மேல் உட்கார வைத்து, தெய்வத்தின் பாதத்துப் பொடியை எடுத்து நோயாளியின் பாதத்திலும், கையின் பொடியைக் கையிலும் அழுத்துவார்கள். அன்றே ஓவியம் கலைக்கப்படும். வாஷிங்டன் மாத்யூஸ் என்ற ராணுவ மருத்துவர் 1880-களில் அங்கே பணியாற்றிய காலத்தில் இதைக் கேட்டுக் குறித்துக்கொண்டு 1902-இல் பெரிய புத்தகமாக வெளியிட்டார். அந்தப் புத்தகத்தைப் படித்து யாரும் ஹதாலி ஆகிவிட முடியாது. பாட்டில் பிழை விட்டால் பாடியவருக்கே கை கால் முடங்கும், கண் போகும் என்று நம்பிக்கை. ஆகவே குருவின் பக்கத்தில் உட்கார்ந்து, சடங்கு நடக்கும் இடமெல்லாம் கூடவே போய், ஆண்டுகள் பல கழித்துத்தான் மாணாக்கன் தனியாகப் பாடுவான். வாழ்நாள் முழுவதும் ஒன்றிரண்டு பெரிய சடங்குகளோடு நிறுத்திக்கொள்பவர்கள் உண்டு.

இத்தனை வருடம் அவன் எதைச் சாப்பிடுவான்? விஷயமே இங்கேதான் இருக்கிறது. பழைய நாளில் குரு மாமனாகவோ தாத்தாவாகவோ இருப்பார். குடும்பத்து ஆட்டு மந்தை இருவரையும் காப்பாற்றிவிடும். 1930-களில் அந்த மந்தைக்கு அடி விழுந்தது. மேய்ச்சலால் நிலம் அரிக்கிறது என்று சொல்லி மத்திய அரசு நவாஹோ ஆடுகளை லட்சக்கணக்கில் குறைத்தது. செய்தவர் பழங்குடி விவகார ஆணையர் ஜான் காலியர். பழங்குடிச் சடங்குகள் மேல் இருந்த தடையை 1934-இல் நீக்கியவரும் இதே காலியர்தான்! பாட அனுமதி கொடுத்த கையாலேயே, பாடக் கற்றவனுக்குச் சோறு போட்ட ஆட்டையும் பறித்துவிட்டார். மனுஷன் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அதனால் பலன் மாறிவிடவில்லை. பிறகு வந்தவர்கள் ரயில் பாதையிலும் யுரேனியச் சுரங்கத்திலும் கூலிக்குப் போனார்கள். ஒன்பது இரவு விடுப்பு எந்த மேஸ்திரி தருவான்?

ரஃப் ராக் ஆட்களின் யோசனை இதிலிருந்து நேராகப் பிறந்தது. டாக்டருக்குப் படிக்கிறவனுக்கு அரசு உதவித்தொகை உண்டு; எங்கள் டாக்டருக்குப் படிக்கிறவனுக்கும் கொடு. குருவுக்கும் கொடு. நம்பிக்கையைப் பற்றியோ பண்பாட்டைப் பற்றியோ அவர்கள் நீட்டி முழக்கவில்லை. கேட்டது சம்பளம்.

இதைக் காதில் வாங்கியவர்களில் ராபர்ட் பெர்க்மன் ஒருவர். பழங்குடிகளுக்கான அரசு மருத்துவச் சேவையில் நவாஹோ பகுதியின் மனநல மருத்துவர். அத்தனை பெரிய நிலத்துக்கு மனநல மருத்துவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். விண்ணப்பம் எழுத உதவுவதாக ஒப்புக்கொண்டார். பணம் வரும் என்று பெரிதாக நம்பவில்லை. எல்லாருக்கும் வியப்பாக வந்துவிட்டது என்று பிறகு, 1973-இல் அமெரிக்க மனநல மருத்துவ இதழில் எழுதிய கட்டுரையில் சொல்கிறார். ஒவ்வொரு ஹதாலியிடமும் இரண்டு மாணாக்கர். வகுப்பறை, ஹோகன். பாடத்திட்டம், அந்தந்த ஹதாலிக்குத் தெரிந்த சடங்கு. மனநல நிறுவனத்தின் அதிகாரி யாரும் தேர்வு வைக்க வரவில்லை. இளைஞன் பாட்டைப் பிழையில்லாமல் பாடுகிறானா என்று அங்கே யாருக்குத் தெரியும்!

இந்தக் காரியம் வெறும் தரையில் முளைக்கவில்லை. நவாஹோ மன்றத்தின் உறுப்பினர் அன்னி வானேகா 1950-களில் காசநோயோடு மல்லுக்கட்டியவர். ஆஸ்பத்திரி என்றால் சாவு வீடு என்று நவாஹோக்கள் ஒதுங்கினார்கள். ஓர் ஆள் இறந்த ஹோகனையே விட்டுவிட்டுப் போகிற மக்கள், பலர் இறந்த கட்டிலில் எப்படிப் படுப்பார்கள்? வானேகா ஹதாலிகளைக் கூட்டிக்கொண்டு போய் எக்ஸ்-ரே படங்களைக் காட்டினார். இருமலோடு வருகிறவனை எங்களிடம் அனுப்புங்கள், திரும்பி வந்ததும் சடங்கை நீங்கள் செய்யுங்கள் என்றார். அவர்கள் அனுப்பினார்கள். ரஃப் ராக்குக்குப் பக்கத்து ஊரான மெனி ஃபார்ம்ஸில் கார்னெல் பல்கலைக்கழகம் 1950-களின் நடுவில் தொடங்கி நடத்திய மருத்துவமனைத் திட்டமும் அதே பாதையில் போயிற்று. நவாஹோக்களுக்குள் இதைப் பற்றி ஒரு தெளிவு ஏற்கெனவே இருந்தது: கிருமியையும் உடைந்த எலும்பையும் வெள்ளை டாக்டர் பார்ப்பார், அந்தக் கிருமி ஏன் இவனைத் தேடி வந்தது என்பதை ஹதாலி பார்ப்பார். குடல்வால் அறுவை முடிந்து வீட்டுக்கு வந்ததும் சடங்குக்கு நாள் குறிப்பது அங்கே சாதாரணம்.

பெர்க்மன் ரஃப் ராக்கின் ஹதாலிப் பள்ளிக்கு அவ்வப்போது போய் மேலை மனநல மருத்துவத்தைப் பற்றி வகுப்பு எடுத்தார். எடுத்தார் என்பதைவிடக் கேள்விகளுக்குப் பதில் சொன்னார் எனலாம். ஒருநாள் மனவசியத்தைச் செய்து காட்டினார். ஒரு பெண்ணை உட்கார வைத்து வசியநிலைக்குக் கொண்டுபோனார். ஹதாலிகள் கண் கொட்டாமல் பார்த்தார்கள். முடிந்ததும் 82 வயதுக் கிழவர் ஒருவர் அபிப்பிராயம் சொன்னார்: இத்தனை காலமாக வெள்ளைக்காரர்களைப் பார்த்துவருகிறேன், இன்றைக்குத்தான் ஒருவர் என்னை ஆச்சரியப்படுத்தினார், இது நடந்ததில் ஆச்சரியமில்லை, நாங்களும் செய்வதுதான், இவ்வளவு உருப்படியான ஒன்று வெள்ளைக்காரனுக்கும் தெரிந்திருக்கிறதே என்பதுதான் ஆச்சரியம் என்ற பொருளில். பாராட்டு இப்படித்தான் இருக்க வேண்டும்.

அதோடு விடவில்லை. இது கை நடுங்கிக் குறி சொல்வதைப் போல இருக்கிறதே, வசியத்தில் இருக்கும்போதே ஏதாவது குறி கேளுங்கள் என்றார்கள். பெர்க்மன் மறுத்தார். இந்தப் பெண்ணுக்கும் எனக்கும் அது தெரியாது, இதில் விளையாடக் கூடாது என்றார். அவர்கள் கேட்கவில்லை. கடைசியில், யாருக்கும் கேடில்லாத விஷயமாக வானிலையைக் கேட்பது என்று முடிவாயிற்று. அப்போது கடும் வறட்சி. இன்னும் ஓராண்டு நீடிக்கும் என்று யாரோ சொல்லி ஊரே கலங்கியிருந்தது. வசியத்தில் இருந்த பெண், ஒரு வாரத்துக்குள் தூறல், பிறகு சில மாதம் வறட்சி, கோடை முடிவில் நல்ல மழை என்றாள். அப்படியே பெய்தது என்று பெர்க்மன் பதிவு செய்கிறார். நடந்ததைச் சொல்கிறேன், வேறெதற்கும் உரிமை கொண்டாடவில்லை என்று ஒரு வரியும் சேர்த்துக்கொள்கிறார். மருத்துவ இதழ் ஒன்றில் மழைக்குறி அச்சேறியது எனக்குப் பிடித்திருக்கிறது. அது பலித்ததை வைத்து எதையும் நிறுவ முடியாது என்பதும் சரி. ஆனால் அந்த அறையில் யார் யாரைச் சோதித்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

தாமஸ் லார்ஜ்விஸ்கர்ஸ் என்ற முதுபெரும் ஹதாலி பெர்க்மனுக்கு ஆசானாக இருக்கச் சம்மதித்தார். நூறு வயதை எட்டியவர். நீ புத்தகத்தில் என்ன படித்தாயோ தெரியாது, என் பாட்டனார்கள் எனக்குச் சொன்னதில் முக்கியமானது ஒன்று உண்டு என்று தொடங்கினாராம். மனத்தில் நாம் அறியாத ஒரு பகுதி இருக்கிறது. நோய் வருவதும் நலமாக இருப்பதும் பெரிதும் அதைப் பொறுத்தது. ஃபிராய்டின் நனவிலியைக் கற்றுத் தேர்ந்து வந்திருந்த மருத்துவருக்கு அந்த நிமிடம் எப்படி இருந்திருக்கும்!

ஹதாலிகளோடு ஏற்பட்ட இந்தப் பழக்கத்தால் மருத்துவர்களுக்குக் கிடைத்தது என்ன? வலிப்பு நோயை எடுத்துக்கொள்ளலாம். முழு உடம்பையும் உலுக்கும் வலிப்பை நவாஹோக்கள் அந்துப்பூச்சிப் பித்து என்பார்கள். உடன்பிறந்தவரோடு கூடாத உறவு கொண்டவனை, அந்துப்பூச்சி விளக்கில் விழுவதுபோல அது தீயில் விழவைக்கும். திறந்த நெருப்பைச் சுற்றி வாழும் வீட்டில் வலிப்புக்காரர் அடுப்பில் விழுவது நிஜமாகவே நடக்கும். கதைக்கு அது போதும். ஆக, வலிப்பு வந்த பெண்ணுக்கு இரண்டு நோய்: மூளையில் ஒன்று, ஊர் வாயில் ஒன்று. மாத்திரை முதலாவதைக் கட்டுப்படுத்தும். இரண்டாவது நோய் இருப்பதே, ஹதாலிகளோடு உட்கார்ந்து பேசாத மருத்துவருக்குத் தெரியாது. வேறு மாதிரியான நடுக்கம், மயக்கங்களுக்கு இந்தப் பழி கிடையாது. கை நடுங்குபவரோ குறி சொல்லும் வரம் பெற்றவர். எந்த நடுக்கம் யாருக்கு வந்தது என்பதைப் பிரித்தறியாமல் ஒரே வியாதிப் பெயரை எழுதினால், ஒருத்தியைக் காப்பாற்றி இன்னொருத்தியைக் கெடுக்க நேரும். பழைய நம்பிக்கையெல்லாம் நோயாளிக்கு நல்லதே செய்கிறது என்று நினைப்பவர்களுக்கும் இந்த உதாரணம் பயன்படும். பழி சுமத்தியதும் அதே மரபுதான்.

பலன் தந்த இடங்களும் இருக்கின்றன. இரண்டாம் உலகப் போரில் நவாஹோ மொழியில் சங்கேதச் செய்தி அனுப்பிய படைவீரர்கள் ஏறத்தாழ 400 பேர். பசிபிக் தீவுகளில் பிணங்களுக்கு நடுவே கிடந்துவிட்டு ஊர் திரும்பியவர்களுக்குக் கெட்ட கனவு வந்தது. ஊர் அவர்களை எதிரி வழிச் சடங்குக்கு அழைத்துப் போயிற்று. கோடையில் மூன்று நாள் நடப்பது அது. சொந்தமும் சுற்றமும் ஆடு அடித்துச் சமைத்து, நூற்றுக்கணக்கில் கூடி, எதிரியின் ஆவியை அவனிடமிருந்து பிரித்து அனுப்பும். போர் முடிந்த மனம் தானாக ஊர் திரும்பாது என்பதை அந்தச் சடங்கை வகுத்தவர்கள் அறிந்திருந்தார்கள். ரஃப் ராக் பள்ளி தொடங்கியபோது வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்தது. அமெரிக்க மனநல மருத்துவம் போர் அதிர்ச்சிக்குத் தன் கையேட்டில் ஒரு தனி நோய்ப்பெயர் கொடுத்தது 1980-இல்தான்.

குணமாவது பாட்டாலா, கூட்டத்தாலா என்று கேட்பது வழக்கம். உளச்சிகிச்சை அறையில் ஒரு மணி நேரம் இருவர் பேசுகிறார்கள். ஹோகனில் ஒருவருக்காக ஒரு குலமே வேலையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறது. பகை பேசாமல், விளையாட்டுப் பேச்சுக்கூட அடக்கி. சடங்கு முடிந்த பின் நான்கு நாள் நோயாளி ஒதுங்கி அமைதியாக இருக்க வேண்டும், யாரும் அவரை வேலை ஏவக் கூடாது. இதையெல்லாம் கழித்துவிட்டுப் பாட்டை மட்டும் சோதனைக்குழாயில் போட்டுப் பார்க்க முடியுமா என்பது எனக்குச் சந்தேகம்.

ஹார்னரின் வழியில் எனக்கு உறுத்துவதும் இதுதான். எல்லா மரபுக்கும் பொதுவான சாரம் என்று அவர் ஒன்றை எடுத்தார்: மேளத்தின் சீரான அடி, கண்ணை மூடி உள்ளுலகப் பயணம், துணைவிலங்கு. எந்த ஊர்க்காரரும், எந்தக் குலத்தையும் சேராமல், சனி ஞாயிறில் கற்றுக்கொள்ளலாம். அதில் ஆறுதல் கிடைத்தவர்கள் இருப்பார்கள்; அதை மறுக்க நான் யார். ஆனால் அங்கே சிகிச்சையாளரே சடங்குக்காரராகவும் ஆகிவிடுகிறார். ரஃப் ராக்கில் அப்படி யாரும் ஆகவில்லை. பெர்க்மன் பாடவில்லை. ஹதாலி மாத்திரை எழுதவில்லை. இரண்டு தொழில்கள் அடுத்தடுத்த அறையில் உட்கார்ந்து, ஒன்று மற்றதற்கு ஆள் அனுப்பின.

1978-இல் பழங்குடி மதச் சுதந்திரச் சட்டம் வந்தது. நவாஹோ பகுதியின் சில மருத்துவமனைகளில் சடங்குக்கென்று ஹோகன் வடிவில் அறை வந்தது. மரபு வைத்தியர் ஊழியராகவும் அமர்ந்தார். 2024 அக்டோபரில் அரிசோனா, கலிஃபோர்னியா, நியூ மெக்ஸிகோ, ஆரிகன் ஆகிய நான்கு மாநிலங்களில், ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் காப்பீட்டிலேயே பழங்குடி மரபுச் சிகிச்சைக்குப் பணம் தர மத்திய அரசு ஒப்புதல் தந்தது. யார் தகுதியுள்ள வைத்தியர் என்பதை அந்தந்தப் பழங்குடி மருத்துவ நிலையமே நிர்ணயிக்க வேண்டும்.

நவாஹோ வழக்கில் சடங்குக்குக் காணிக்கை கட்டாயம். ஆடு, கம்பளி, கூடை, பணம் என்று குடும்பம் திரட்டிக் கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் பலிக்காது. அந்தத் திரட்டலுக்காகத்தான் பேசாமல் இருந்த அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்ள நேர்கிறது. இனிமேல் விண்ணப்பப் படிவம் நிரப்பினால் காப்பீடு கொடுத்துவிடும். ஒன்பது இரவுக்குச் செலவழிக்க வக்கில்லாத வீட்டுக்கு அது பெரிய உதவி. அந்தத் தங்கையும் அண்ணனும் எப்போது பேசிக்கொள்வார்கள் என்பதை ஹதாலிகள்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கும். காப்பீட்டுப் பணத்துக்கு மேல் ஓர் ஆட்டையாவது குடும்பம் கொண்டுவர வேண்டும் என்று அவர்கள் சொன்னால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.